தொட்டியில் குட்டைத் தக்காளி: சென்னை மொட்டை மாடிக்கு விதையிலிருந்து பழம் வரை

மொட்டை மாடியில் தக்காளி போட்டவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது, குச்சி கட்டிக் கட்டி அலுத்துப் போனது, பூ நிறையப் பூத்தது, அத்தனையும் கொட்டியது, கடைசியில் மூன்று காய், அதிலும் ஒன்று அணிலுக்கு. உடனே உரம் போதவில்லை என்று முடிவு செய்து இன்னும் உரம் போடுவார்கள். சென்னையிலும் கடலோரத்து ஊர்களிலும் பெரும்பாலும் சிக்கல் காலத்தில்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு, பங்குனி வெயில் ஏறுவதற்குள், தக்காளிக்குப் பிடித்த மாதிரி இரவு கொஞ்சம் குளிர்கிற நாட்கள் இங்கே மூன்று மாதம் கிடைத்தால் அதிகம். பெரிய செடி உடம்பை வளர்த்து முடிப்பதற்குள் அந்த மூன்று மாதம் ஓடிவிடும். விதைத்து 80, 90 நாளில் பழம் கொடுத்துவிடுகிற குட்டை ரகம்தான் அந்த இடைவெளிக்குள் அடங்கும். இடம் மிச்சம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழம்புக்குத் தக்காளி வாங்குவதை நிறுத்த இது உதவாது. 2023 ஜூலையில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியபோது, இனி நாமே போட்டுக்கொள்ளலாம் என்று தொட்டி வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. மிகக் குட்டையான ரகங்களில் பழம் கோலிக்குண்டு அளவுதான் வரும். ஒரு செடி ஒரு நாள் ரசத்துக்குத் தாங்கும், அல்லது போகிற வருகிற பிள்ளைகள் பறித்து வாயில் போட்டுக்கொள்ளும். பத்துத் தொட்டி வைத்தால் வாரத்துக்கு ஒரு கிண்ணம் பழம். இந்தக் கணக்கு சரி என்றால் மேலே படியுங்கள்.

எந்த விதை வாங்குவது

குட்டை என்ற பேரில் மூன்று விதமான செடிகள் விற்கப்படுகின்றன, மூன்றுக்கும் தொட்டி அளவு வேறு, நாள் கணக்கும் வேறு.

முதலாவது மிகக் குட்டை. மைக்ரோ டாம், ரெட் ராபின், ஆரஞ்சு ஹாட், டைனி டிம் எல்லாம் இந்தக் கூட்டம். மைக்ரோ டாம் 15, 20 சென்டிமீட்டரைத் தாண்டாது, ரெட் ராபின் ஒரு அடி வரை போகும், டைனி டிம் ஒன்றரை அடி. டைனி டிம் 1945இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் வெளியிட்ட பழைய ரகம். மைக்ரோ டாம் 1989இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. வீட்டில் தொட்டியில் அழகுக்கு வைக்கத்தான் அதை உருவாக்கினார்கள், ஆனால் சிறிய இடத்தில் சீக்கிரம் காய்ப்பதால் இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் தக்காளி ஆராய்ச்சிக்கு அதைத்தான் வளர்க்கிறார்கள். பிராசினோஸ்டீராய்டு என்கிற வளர்ச்சி ஹார்மோனைச் செடி போதுமான அளவு தயாரிக்க முடியாதபடி அதன் ஒரு மரபணு மாறியிருக்கிறது, அதனால்தான் கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, தண்டு தடித்து, இலை கரும்பச்சையாகச் சுருக்கம் விழுந்து இருக்கும். ருசி என்று பார்த்தால் மைக்ரோ டாம் சுமார்தான். பார்க்க அழகு, சாப்பிட வேறு ரகம் என்பது என் கட்சி. முதல் தடவை போடுகிறவர்களுக்கு ரெட் ராபினும் டைனி டிம்மும் போதும்.

இரண்டாவது, பெரிய பழம் தரும் குட்டை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டுத்தோட்டக்காரர்களே சேர்ந்து 2005 வாக்கில் தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டத்திலிருந்து வந்த ரகங்கள் இவை. பழைய பாரம்பரிய ரகங்களின் ருசியையும் பழ அளவையும் குட்டைச் செடிக்குள் கொண்டுவர வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக இனக்கலப்பு செய்து தேர்ந்தெடுத்தார்கள். செடி மூன்று, நான்கு அடி வளரும், 20 லிட்டர் தொட்டி கேட்கும், பழுக்க நாளும் அதிகம் பிடிக்கும். பெங்களூரு, ஓசூர், கோவை பக்கம் இருப்பவர்கள் தாராளமாகப் போடலாம். சென்னையில் பழம் பருக்கும்போது வெயில் வந்து நிற்கும்.

மூன்றாவது நம்ம ஊர் ரகம், பிகேஎம் 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து சடுதிமாற்றம், அதாவது மரபணு மாறுதல் மூலம் எடுத்தது. இது மரபணுப்படி குட்டை கிடையாது, ஓர் அளவுக்குப் புதராக வளர்ந்து தானாக நின்றுவிடும் வகை. விதை எளிதில் கிடைக்கும், விலையும் மலிவு, பழம் குழம்புக்கு ஆகும். 12 அங்குலத் தொட்டியில் தாராளமாக வரும். எடுத்தவுடனே வெளிநாட்டு விதைக்குப் பணம் கொட்ட மனமில்லாதவர்கள் இதில் தொடங்கலாம், முறை எல்லாம் ஒன்றுதான்.

கடையில் வாங்கிய தக்காளியைப் பிழிந்து அந்த விதையைப் போட்டாலும் முளைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சந்தைக்கு வருவதில் பெரும்பாலானவை கலப்பின வீரிய ரகங்கள், அவற்றின் பிள்ளைகள் தாய் மாதிரி இருக்கும் என்ற உறுதி கிடையாது, குட்டையாக இருக்க வாய்ப்பே இல்லை.

எப்போது விதைப்பது

தக்காளிப் பூ காயாகப் பிடிப்பதை முடிவு செய்வது முக்கியமாக இரவு வெப்பம். இரவு 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் அதற்கு சொர்க்கம், 24க்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பூ காம்போடு கழன்று விழும். பகல் 35ஐத் தாண்டினாலும் அதே கதி. சென்னையில் மே மாத இரவே 28 டிகிரியில் நிற்கிறது, அந்தச் சமயம் நீங்கள் எந்த டானிக்கை ஊற்றினாலும் பூ நிற்காது. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் இரவு 20, 22க்கு இறங்குகிறது. செடி பூத்துக் குலுங்க வேண்டியது அந்த நாட்களில்.

அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விதைத்ததிலிருந்து முதல் பூவுக்குச் சுமார் 45 நாள், பூவிலிருந்து பழத்துக்கு இன்னொரு 40 நாள். அப்படியென்றால் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நல்ல வாக்குதான், ஆனால் ஆடியில் விதைத்த தக்காளி சென்னையில் புழுக்கமான செப்டம்பர் இரவில் பூத்து, ஐப்பசி அடைமழையில் காயைத் தாங்கி நிற்க வேண்டியிருக்கும், பாவம். கோவையில் ஆடி, ஆவணி இரவு குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே அது சரிப்படும்.

மழையில் விதைப்பதா என்று கேட்பீர்கள். குட்டைச் செடியின் பெரிய வசதியே இங்கேதான். நாற்று முதல் நான்கு வாரம் ஒரு தட்டில் அடங்கிவிடும், மழை வந்தால் தட்டோடு தூக்கி உள்ளே வைக்கலாம். தொட்டிக்கு மாற்றிய பிறகும் 8 அங்குலத் தொட்டியை ஒற்றைக் கையில் தூக்கிவிடலாம். 2015 வெள்ளமும் சரி, 2023 மிக்ஜாம் புயலும் சரி, வந்தது டிசம்பர் முதல் வாரத்தில், அதனால் அந்த வாரம் தாண்டும் வரை தொட்டிகளை மாடிப்படி ஓரத்திலோ பால்கனியிலோ கூரை கிடைக்கிற இடத்தில் வைத்திருப்பது நல்லது.

விதைப்பு

குழித்தட்டு இருந்தால் சரி, இல்லாவிட்டால் டீக்கடைக் காகிதக் கப்பில் அடியில் நான்கு ஓட்டை போட்டால் போதும். அதில் நிரப்ப வேண்டியது கழுவிய தேங்காய் நார்த்தூளும் சலித்த மண்புழு உரமும், மூன்றுக்கு ஒன்று. தோட்டத்து மண்ணை இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள். நாற்றழுகல் பூஞ்சை அதன் வழியாகத்தான் வரும், நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை தரையோடு ஒட்டிய இடத்தில் நூலாக இளைத்துப் படுத்துக் கிடக்கும், அதற்கப்புறம் காப்பாற்ற வழியில்லை. உரக்கடையில் கிடைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, விதையை லேசாக ஈரப்படுத்திப் புரட்டி எடுத்து விதைத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பதுதான் அதன் கணக்கு, நம்மிடம் இருப்பது இருபது விதை.

ஆழம் அரை சென்டிமீட்டர், அதாவது பேனா முனையால் ஒரு பள்ளம். குழிக்கு ஒரு விதை வைத்து, மேலே கொஞ்சம் நார்த்தூள் தூவி, பூவாளியால் ஊற்றாமல் கைத்தெளிப்பானால் நனையுங்கள், ஊற்றினால் விதை இடம் மாறிவிடும். முளைப்புக்கு 25 முதல் 29 டிகிரி போதும், நம்ம ஊரில் அதற்கு எந்த ஏற்பாடும் தேவையில்லை. ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் தலை காட்டும். மேலே கண்ணாடித்தாள் மூடியிருந்தால் முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

சில முளைகள் விதைத் தோலைத் தலையில் மாட்டிக்கொண்டே வெளியே வரும், இரண்டு விதையிலைகளும் உள்ளே சிக்கிப் பிரிய முடியாமல் தவிக்கும். பிய்த்து எடுக்கப் பார்த்தால் இலையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரை அந்தத் தோல் மேல் வைத்து அரை மணி நேரம் விட்டால் ஊறி இளகும், அப்புறம் இரண்டு நகத்துக்கு நடுவில் பிடித்து மெதுவாக உருவினால் கழன்று வரும்.

முளைத்த அன்றிலிருந்தே வெளிச்சம் வேண்டும், நிறைய வேண்டும். வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தால் நாற்று வெளிச்சத்தைத் தேடி நீண்டு வெளுத்துப் போகும், குட்டை ரகமும் இதற்கு விலக்கல்ல. மழை இல்லாத நேரத்தில் காலை வெயிலில் இரண்டு, மூன்று மணி நேரம் காட்டி, வாரம் போகப் போக நேரத்தைக் கூட்டுங்கள். காற்றில் கொஞ்சம் ஆடினால் தண்டு தடிக்கும்.

விதையிலைகளுக்குப் பிறகு இரண்டாவது மூன்றாவது நிஜ இலை வந்ததும் ஒரு தேர்வு வைக்க வேண்டும். குட்டை மரபணு உள்ள நாற்று இந்த வயதிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்: இலை கரும்பச்சை, மேல் பரப்பு சுருக்கம் சுருக்கமாக, இலைக்காம்புகள் அடுக்கி வைத்த மாதிரி நெருக்கமாக. பக்கத்துக் குழியில் இலை மழமழவென்று வெளிர்ப்பச்சையாக, கணுவுக்குக் கணு விரலகலம் இடைவெளியோடு ஒரு நாற்று நிமிர்ந்து நின்றால் அது சாதாரணத் தக்காளி. இணையத்தில் படத்தைக் காட்டி விற்கிற பொட்டலங்களில் இந்தக் கலப்படம் சகஜம். பொட்டலம் முழுக்கவே அப்படி வருவதும் உண்டு. அந்த நாற்றை எடுத்து நிலம் இருக்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள், 8 அங்குலத் தொட்டியில் வைத்து அதைச் சித்திரவதை செய்ய வேண்டாம். இந்தச் சோதனை பிகேஎம் 1க்குப் பொருந்தாது, அது இலையில் சாதாரணத் தக்காளி மாதிரிதான் இருக்கும்.

தொட்டியும் மண்ணும்

மைக்ரோ டாமுக்கு 6 அங்குலம், ரெட் ராபின், டைனி டிம்முக்கு 8 அங்குலம், பிகேஎம் 1க்கு 12. இதற்குக் கீழே போகலாம், செடி சாகாது, ஆனால் பிப்ரவரியில் காலை ஒரு தரம் மாலை ஒரு தரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டை விட்டு எங்கும் நகர முடியாது. ஒரு செடிக்கு ஒரு தொட்டி. இரண்டு வைத்தால் இரண்டு மடங்கு காய்க்கும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும்.

கறுப்புக் குரோ பேக் மொட்டை மாடி வெயிலில் கொதிக்கும், வெளியே வெள்ளையாக உள்ளதைப் பாருங்கள். மண்தொட்டி வேருக்கு நல்லது, ஆனால் சீக்கிரம் காயும், கனமும் அதிகம். எதுவானாலும் நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், கான்கிரீட் சூடும் ஏறாது, அடி ஓட்டையும் அடைக்காது, தளத்தில் ஈரம் நின்று வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதும் குறையும்.

கலவைக்கு நார்த்தூள் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, 10 லிட்டர் கலவைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. செம்மண் கிடைக்காவிட்டால் நார்த்தூளோடு உரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் மண்ணே இல்லாத கலவைக்குச் சத்தை அடிக்கடி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிண்ணாக்குக் கலந்த கலவையை நனைத்துப் பத்து நாள் மூடி வைத்து, சூடு அடங்கிய பிறகு நடுங்கள். வேப்பம் பிண்ணாக்கு நொதிக்கும் சூட்டில் இளம் வேர் வெந்துவிடும்.

நார்த்தூள் விஷயத்தில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் தொட்டித் தக்காளியில் பாதிக் கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. கட்டியாக வாங்கும் நார்த்தூளில் உப்பு இருக்கும், சோடியமும் பொட்டாசியமும். கழுவாமல் போட்டால் இலை ஓரம் கருகும். அதோடு நார்த்தூள் கால்சியத்தைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமுடையது, கால்சியம் கிடைக்காத தக்காளி காயின் அடியில் கறுப்பாக அழுகும். அதனால் கட்டியைப் பெரிய தொட்டியில் ஊற வைத்து, பழுப்புத் தண்ணீரை வடித்து, மறுபடி நல்ல தண்ணீர் விட்டு, தண்ணீர் வெளிர்த் தேநீர் நிறத்துக்கு வரும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அதில் அலசினால் இன்னும் நல்லது. நடுவதற்கு முன் கலவையில் முட்டை ஓட்டுப்பொடி சேர்ப்பது பலருக்கும் வழக்கம், சேருங்கள், ஆனால் அது கரைந்து செடிக்குப் போக மாதக் கணக்கில் ஆகும், இந்த 90 நாள் செடிக்கு அதை நம்பி இருக்க முடியாது.

தொட்டிக்கு மாற்றுவது

நான்கைந்து நிஜ இலை வந்ததும், சுமார் 25 முதல் 30 நாளில், மாலை வெயில் சாய்ந்த பிறகு மாற்றுங்கள். தக்காளித் தண்டு மண்ணுக்குள் புதைந்த இடத்திலெல்லாம் வேர் விடும், அதனால் விதையிலை இருந்த இடம் வரை புதைத்து நடலாம். பெரிய ரகங்களில் பாதித் தண்டையே புதைப்பார்கள், குட்டையில் அவ்வளவு தண்டு கிடையாது, கீழ் இலை மண்ணைத் தொடாமல் இருந்தால் சரி.

நட்டு மூன்று நாள் நிழலில், அப்புறம் காலை வெயிலில், ஒரு வாரத்தில் முழு வெயிலுக்கு. குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். பால்கனி மட்டும் இருப்பவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள், இந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, தெற்குப் பார்த்த பால்கனிக்கு நல்ல வெயில் உள்ளே வரை வரும், வடக்குப் பார்த்த பால்கனிக்கு நேர் வெயிலே கிடையாது.

காய்ந்த இலையோ தென்னை நாரோ ஒரு அங்குலம் மூடாக்குப் போடுங்கள். முட்டுக் குச்சி மைக்ரோ டாமுக்கு வேண்டாம், ரெட் ராபினுக்கும் டைனி டிம்முக்கும் காய் கனத்துத் தொட்டி விளிம்பில் தண்டு மடியாமலிருக்க ஒரு அடி மூங்கில் குச்சி போதும்.

அப்புறம் கத்தரி எடுத்து நிற்காதீர்கள். காணொளிகளில் பக்கக் கிளையைக் கிள்ளச் சொல்வது கொடியாக நீளும் ரகங்களுக்கு. குட்டையில் காய்ப்பதே அந்தப் பக்கக் கிளைகளில்தான், கிள்ளினால் மகசூல் போச்சு. மண்ணைத் தொடும் கீழ் இலைகளையும், நடுவில் காற்று போகாமல் அடைத்தால் ஓரிரு இலைகளையும் மட்டும் எடுங்கள்.

தண்ணீர்

இதைச் சரியாகச் செய்தால் மற்றதில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் செடி மன்னித்துவிடும். தொட்டி காய்ந்து செடி தொங்கி, அப்புறம் தொபுதொபுவென்று ஊற்றி, மறுபடி காயவிட்டு என்று போனால் இரண்டு கேடு நிச்சயம்: காயின் அடி கறுத்து அழுகுதல், பழம் வெடித்தல். அடி அழுகல் நோய் கிடையாது, மருந்து அடித்துத் தீராது. கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போகும், தண்ணீர் ஓட்டம் அறுந்தால் காயின் கடைக்கோடிக்கு அது போய்ச் சேராது, அதனால் அங்கே திசு செத்துக் கறுக்கிறது.

எவ்வளவு என்று லிட்டரில் சொன்னால் அது உங்கள் மாடிக்குப் பொருந்தாது. விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் வேண்டாம். இன்னும் நல்ல வழி தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது, தண்ணீர் குடித்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் எடை வித்தியாசம் கைக்கு இரண்டே நாளில் பழகிவிடும். ஊற்றும்போது அடி ஓட்டை வழியே கொஞ்சம் வெளியே வரும் வரை ஊற்றுங்கள், காலையில், இலையில் படாமல் வேரில். அடித்தட்டு வைத்திருந்தால் மழை நாட்களில் எடுத்துவிடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் இது தனிப் பிரச்சினை. தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் படிந்தால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1000க்கு மேல் காட்டும் தண்ணீரைத் தனியாக ஊற்றாமல் மழை நீரோ அரிசி கழுவிய நீரோ கலந்து ஊற்றுங்கள். ஆர்ஓ கருவியின் கழிவு நீரை மிச்சப்படுத்துகிறேன் என்று செடிக்கு விடாதீர்கள், உப்பெல்லாம் செறிந்து இருப்பது அதில்தான்.

உரம், பூ, காய்

நட்ட இரண்டு வாரம் எதுவும் வேண்டாம். அதன்பின் பத்து நாளுக்கு ஒரு முறை கடலைப் பிண்ணாக்குத் தெளிவு: 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊற வைத்து, மேல் தெளிவைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து தொட்டிக்கு ஒரு டம்ளர். பஞ்சகவ்யா இருந்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். ரசாயன உரம் பயன்படுத்துவோர் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19ஐ லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில் அதே இடைவெளியில் கொடுக்கலாம். மொட்டு தெரிந்ததும் பிண்ணாக்குத் தண்ணீரை நிறுத்திக்கொள்ளுங்கள். தழைச்சத்து அதிகமானால் செடி கரும்பச்சையாகப் புஷ்டியாக நிற்கும், பார்ப்பவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள், காய் மட்டும் இருக்காது. அப்போது அதற்கு வேண்டியது சாம்பல் சத்து. விறகுச் சாம்பல் கிடைத்தால் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அடி அழுகல் தொடர்ந்து வந்தால் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வேரில் ஊற்றுங்கள், அதை வேறு எந்த உரத்தோடும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், திரிந்து அடியில் தங்கிவிடும்.

தக்காளிப் பூவுக்குத் தேனீ தேடி அலைய வேண்டாம். ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருக்கிறது, மகரந்தம் மஞ்சள் குழலுக்குள் இருந்து உதிர்ந்தால் போதும். வயலில் காற்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், பால்கனி மூலையில் காற்று குறைவு, செடியும் குட்டை, கைப்பிடிச் சுவரே காற்றை மறைத்துவிடும். காலை பத்து மணியிலிருந்து மதியத்துக்குள் பூங்கொத்தின் காம்பை விரல் நுனியால் நாலு சுண்டு சுண்டுங்கள், அல்லது பழைய மின்சாரப் பல்துலக்கியைக் காம்பில் ஒரு நொடி தொட்டுக் காட்டுங்கள். கறுப்புத் துணியைக் கீழே பிடித்தால் மஞ்சள் தூள் விழுவது தெரியும். காயாகப் பிடித்த பூவின் காம்பு தடித்து வளையும், பிடிக்காதது நடுக்கணுவில் மஞ்சளாகி உதிரும். இதை மூன்று வாரம் தினமும் செய்தாலே காய் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியும்.

பூச்சியும் நோயும்

பெரிய எதிரி வெள்ளை ஈ. அது உறிஞ்சுவதால் வரும் நஷ்டத்தைவிட அது கொண்டுவரும் இலைச்சுருள் வைரஸ்தான் ஆபத்து, வந்தால் மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுவதுதான் வழி. இதில் குட்டை ரகம் போடுகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும், செடியின் இலை பிறவியிலேயே சுருக்கமாக இருப்பதால் நல்ல செடியை நோய் என்று பிடுங்கிவிடுவார்கள், நோயை இயல்பு என்று விட்டும் விடுவார்கள். வித்தியாசம் நிறத்திலும் புது இலையிலும் இருக்கிறது. இயல்பான சுருக்கத்தில் இலை கரும்பச்சையாக, தட்டையாக, கீழிலிருந்து மேல் வரை ஒரே மாதிரி இருக்கும். வைரஸ் வந்தால் நுனி இலைகள் மட்டும் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் போல மேல்நோக்கி மடியும், பூ நின்றுவிடும்.

மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடி உயரத்துக்கே தொங்கவிடுங்கள், தலைக்கு மேலே கட்டிப் பயனில்லை. வாரம் ஒரு முறை வேப்ப எண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், ஒரு லிட்டர் தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. ஈ வந்த பிறகு அடிப்பதைவிட வருவதற்கு முன்பே தொடங்குவது மேல். இலையில் வெள்ளைக் கோலம் போட்ட மாதிரி வளைந்து போனால் இலைத்துளைப்பான், ஓரிரண்டு இலை என்றால் கிள்ளிப் போட்டால் போதும். பிப்ரவரியில் வெயில் ஏற ஏற இலை அடியில் செஞ்சிலந்தி வரும், இலை மங்கிப் புள்ளி விழும், தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினாலே பாதி போய்விடும். இந்தியாவில் 2014இல் மகாராஷ்டிரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஊசிப்புழு இப்போது இங்கேயும் இருக்கிறது, காயில் குண்டூசி குத்திய மாதிரி ஓட்டை தெரிந்தால் அந்தக் காயை உடனே அப்புறப்படுத்துங்கள், செடி அடியில் விடாதீர்கள்.

அணிலுக்கு வலைதான். குட்டைச் செடிக்குக் கொசுவலைத் துண்டைக் குச்சிகள் மேல் போர்த்திக் கட்டினாலே போதும், பூக்கும் நாட்களிலும் எடுக்க வேண்டியதில்லை, எப்படியும் சுண்டப் போவது நீங்கள்தான்.

பறிப்பு, விதை, பழைய மண்

காயில் முதல் ஆரஞ்சு ரேகை தெரிந்ததும் பறித்துவிடலாம். அதற்குமேல் செடியிலிருந்து பழத்துக்குப் பெரிதாக எதுவும் போவதில்லை, சமையலறை மேடையில் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும், அணிலும் வெடிப்பும் தப்பும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வாசனை போய்விடும். மார்ச்சில் பழம் சிவக்காமல் மஞ்சள் ஆரஞ்சாகவே நின்றால் பதறாதீர்கள், சிவப்பு நிறத்தைத் தரும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது, வீட்டுக்குள் நிழலில் வைத்தால் கொஞ்சம் தேறும். ஏப்ரலில் செடி சோர்ந்துவிட்டால் நிழல்வலை கட்டி இழுத்துப் பிடிக்க வேண்டாம், அதன் வேலை முடிந்தது.

அதற்கு முன்பே விதை எடுத்துவிட வேண்டும். மைக்ரோ டாம் மாதிரி ரகங்கள் நிலைத்த ரகங்கள் என்பதால் விதை தாயைப் போலவே வரும், பொட்டலத்தில் எஃப்1, அதாவது முதல் தலைமுறைக் கலப்பினம் என்று போட்டிருந்தால் மட்டும் வராது. நன்றாகக் காய்த்த, நோயில்லாத ஒரே செடியிலிருந்து முழுக்கப் பழுத்த பழமாக எடுத்து, சாற்றோடு கிண்ணத்தில் பிழிந்து, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். மேலே ஆடை கட்டி நாறும், விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு அப்போதுதான் கழலும். தண்ணீர் விட்டு அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிட்டுப் பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள், காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொண்டு பிரியாது. காகித உறையில் ரகம், மாதம் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் நான்கு வருடம் முளைக்கும்.

பழைய தொட்டி மண்ணில் அடுத்த வருடமும் தக்காளி வேண்டாம், மிளகாயும் கத்தரியும் அதே குடும்பம், அவையும் வேண்டாம். வேரை எடுத்துவிட்டு மண்ணை லேசாக நனைத்து, கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீன் தாளில் நாலு அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேலேயும் அதே தாளால் காற்றுப் புகாமல் மூடி, அக்னி நட்சத்திர வெயிலில் மூன்று, நான்கு வாரம் மொட்டை மாடியில் கிடக்கவிடுங்கள், பூஞ்சையும் நூற்புழுவும் பெரும்பாலும் வெந்துவிடும். ஜூனில் அதில் புது மண்புழு உரம் கலந்து அரைக்கீரையோ தட்டைப்பயறோ போடலாம், தக்காளிக்கு அக்டோபரில் வேறு கலவை தயார் செய்துகொள்ளுங்கள்.